கடற்கரை ஊரில் ஆடியோ பின்னுக்கு எந்த முலாம்: தங்கமா, நிக்கலா, வெள்ளியா?

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. "ஆர்சிஏ கேபிள் வாங்கணும். தங்க முலாம் போட்டது மூணு மடங்கு விலை சொல்றாங்க, வாங்கலாமா?" என்கிறார் ஒருவர். (டிவிடி பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும், நடுவில் ஊசியும் சுற்றிலும் வளையமும் உள்ள பின்தான் ஆர்சிஏ.) "தங்கப் பின்தான் போட்டேன், அதுவும் பச்சை பிடிச்சிடுச்சே" என்கிறார் இன்னொருவர். மைக் செட் வைத்திருப்பவரின் கவலை வேறு: "நிக்கல் கனெக்டர் நல்லா உழைக்குது. ஆனா மழை மாசத்துல கரகரன்னு கத்துது. வெள்ளிக்கு மாறிடலாமா?"

மூன்று பேருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் மூவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம். பின்னும் சாக்கெட்டும் தொடுகிற அந்தச் சின்ன இடம், நம் ஊர்க் காற்றில் இரண்டு மழைக்காலம் தாண்டியும் சுத்தமாக இருக்குமா? முலாம் பூசுவதே அதற்காகத்தான். "எந்த உலோகம் இனிமையாக ஒலிக்கும்" என்ற பஞ்சாயத்தை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. ஏன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

## கடத்துதிறனை ஓரம் கட்டுவோம்

கடையில் முதலில் சொல்வது இதுதான்: "வெள்ளிதான் சார் கரண்டை நல்லாக் கடத்தும்." உண்மைதான். வெள்ளியின் மின்தடைத்திறன் 1.59 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் (எண் குறையக் குறைய நன்றாகக் கடத்தும்). செம்பு 1.68, தங்கம் 2.44, நிக்கல் ஏறக்குறைய 7. இந்த வரிசையைப் பார்த்தால் நிக்கல் படுமோசம் என்றுதான் தோன்றும்.

இப்போது முலாமின் தடிமனைக் கணக்கில் எடுங்கள். 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிக்கல் படலம், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு வழியாகக் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் படலத்தின் தடை சுமார் 0.35 மைக்ரோ ஓம். அதாவது ஒரு ஓமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று. அந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்மறுப்பு (வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 10,000 ஓமோ 47,000 ஓமோ இருக்கிறது. தங்கம், வெள்ளி, நிக்கல் எதைப் போட்டாலும் இந்த வித்தியாசம் காதுக்கு வராது.

காதுக்கு வருவது வேறொன்று. இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் உண்மையில் சில நுண்ணிய மேடுகளில் மட்டும்தான் தொடுகின்றன. அந்த மேடுகளின் மேல் ஆக்சைடோ, சல்ஃபைடோ, உப்புப் படலமோ ஏறினால் தடை நிலையாக இருக்காது. கேபிளைத் தொட்டால் ஒரு அளவு, விட்டால் வேறு அளவு. கரகர சத்தம் அங்கேதான் பிறக்கிறது. ஆர்சிஏ பின்னின் வெளி வளையத்தில் தொடர்பு கெட்டால் கிரவுண்ட் போய், 50 ஹெர்ட்ஸ் "உம்ம்ம்" வந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

காற்றும் அறையும். உப்பு காய்ந்திருக்கும் வரை பெரிய தொல்லை தராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து கரைசலாகிவிடும். நம் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறவைதான். மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசல் ஒரு துளி, இரண்டு வெவ்வேறு உலோகங்கள்: அவ்வளவுதான், ஒரு குட்டி பேட்டரி தயார். எந்த உலோகம் இளிச்சவாயோ அது அரிக்கப்படும். உப்புப் படிவது கரையை விட்டு உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடும் உள்ளே தள்ளிய வில்லியனூர் வீடும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. கரையோரத் தேவனாம்பட்டினமும் உள்ளே இருக்கும் பண்ருட்டியும் அப்படித்தான்.

ஏசி அறை பெரிய பாதுகாப்பு. ஆனால் ஏசி நின்றுவிட்டால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் புதுச்சேரி அருகேதான் கரை கடந்தது. "என் அறையில் எப்போதும் ஏசி ஓடும்" என்ற நம்பிக்கையில் மலிவான பின் வாங்குபவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை முறை சொருகிக் கழற்றுவீர்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ஒருமுறை சொருகினால் அடுத்த வீடு மாறும் வரை அப்படியே கிடக்கும். மைக் செட்காரரின் கேபிள் ஒரே நாளில் நாலு முறை கழன்று சேரும். முதலாவதற்கு அரிப்பு எதிரி. இரண்டாவதற்குத் தேய்மானம் எதிரி.

என்ன சிக்னல். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். வீட்டுக் கருவிகளின் லைன் சிக்னல் 0.3 வோல்ட் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் 28 வோல்ட், 3.5 ஆம்பியர். பெரிய சிக்னல் மெல்லிய படலத்தைக் குத்திக்கொண்டு போய்விடும், சின்ன சிக்னலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் மைக், ரெக்கார்டு பிளேயர் இரண்டிலும் தொடுமுனைச் சுத்தம் ரொம்பவே முக்கியம். ஸ்பீக்கர் பக்கம் சிக்கல் வேறு மாதிரி: 0.1 ஓம் கூடினாலே 8 ஓமில் ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, கூடவே சூடும் ஏறும்.

எதிரே இருக்கும் சாக்கெட். இதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. பின்னுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் தொடர்பு என்பது இரண்டு பரப்புகளுக்கு இடையில்தானே.

சாக்கெட்டோடு ஜோடி சேர்ப்பதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு எண் வரிசை இருக்கிறது. தங்கத்தைப் பூஜ்யமாக வைத்து, மற்ற உலோகங்கள் அதிலிருந்து மின்வேதியியல் அளவில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்வது.

| தொடுபரப்பு | எண் (வோல்ட்) | கடற்காற்றில் என்ன ஆகும் | அடிக்கடி சொருகினால் |
|---|---|---|---|
| தங்கம் | 0.00 | தனக்கு ஒன்றும் ஆகாது. மெல்லியதாக இருந்தால் அடியில் அரிக்கும் | மெல்லிய பூச்சு தேய்ந்துவிடும் |
| ரோடியம் (பிளாட்டினம் இனத்து உலோகம்) | 0.05 | ஒன்றும் ஆகாது | தேயாது |
| வெள்ளி | 0.15 | கறுக்கும் | கறுப்பு வழித்துக்கொண்டு போகும், பூச்சும் மெல்லத் தேயும் |
| நிக்கல் | 0.30 | மங்கும், கெட்டியான ஆக்சைடு | நன்றாகத் தாங்கும் |
| வெறும் செம்பு | 0.35 | பழுப்பேறிப் பச்சையாகும் | தாங்கும், துடைக்க வேண்டும் |
| பித்தளை | 0.40–0.45 | களிம்பு | தாங்கும், துடைக்க வேண்டும் |
| வெள்ளீயம் | 0.65 | சாம்பல் படலம் | சீக்கிரம் போய்விடும் |

ஜோடி சேரும் இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். உப்பும் ஈரமும் நேரடியாகப் படும் இடத்தில் அது 0.15-க்குள் இருக்க வேண்டும். ஏசி இல்லாத, ஆனால் கூரைக்கு அடியில் இருக்கும் சாதாரண அறை என்றால் 0.25 வரை. வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் அறை என்றால் 0.50 வரை பரவாயில்லை. தங்கப் பின்னை வெள்ளீயச் சாக்கெட்டில் சொருகினால் இடைவெளி 0.65. எந்த அறையிலும் தேறாத ஜோடி அது. அதையும் சிலர் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

## தங்கம்

தங்கம் ஆக்சைடு ஆகாது, காற்றிலுள்ள கந்தகமும் அதை அசைக்காது. மில்லிவோல்ட் சிக்னலுக்கும், மாதக்கணக்கில் கழற்றாமல் கிடக்கும் இணைப்புக்கும் இதைவிட நல்ல பரப்பு கிடையாது. அப்படியென்றால் பச்சை பிடித்த தங்கப் பின் எப்படி வந்தது?

விடை தடிமனில் இருக்கிறது. மலிவுப் பின்களில் இருக்கும் தங்கம் 0.05 முதல் 0.1 மைக்ரான்தான். நல்ல கனெக்டர்களில் 0.76 மைக்ரான் இருக்கும், உயர்தரத்தில் 1.27 மைக்ரான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆர்சிஏ பின்னில் நடு ஊசியும் வெளி வளையமும் சேர்ந்து முலாம் பூச வேண்டிய பரப்பு ஏறக்குறைய 4 சதுர சென்டிமீட்டர். 0.1 மைக்ரான் பூசினால் ஒரு மில்லிகிராம் தங்கம்கூட ஆகாது. கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்தாலே அது ஏழெட்டு ரூபாய்ச் சமாச்சாரம். 0.76 மைக்ரான் என்றால் ஆறு மில்லிகிராம் அளவுக்கு வரும். தங்கத்துக்கு மட்டும் அறுபது ரூபாய். ஒரு ஜோடி முப்பது ரூபாய்க்கு விற்கும் பின்னில் எந்த வகைத் தங்கம் இருக்கும் என்று இதிலேயே தெரிந்துவிடும். அட்டையில் "24 காரட்" என்று போட்டிருப்பது சுத்தத்தைச் சொல்கிறது, தடிமனைச் சொல்வதில்லை.

மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கும். உப்புக் கரைசல் அந்தத் துளை வழியே இறங்கி அடியிலுள்ள உலோகத்தைத் தொடும். மேலே தங்கம் அசையாமல் உட்கார்ந்திருக்க, கீழே இருப்பது அரிக்கப்பட்டுத் துளை வழியாக மேலே கசியும். சிதம்பரம் கவரிங் வளையலை வியர்வைக் கையோடு தினமும் போட்டால் ஓரத்தில் பச்சை கசியுமே, அதே சங்கதிதான்.

என் மேசைக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பின்பக்கத் தகட்டில் ஆர்சிஏ சாக்கெட் பளபளவென்று மஞ்சளாகத்தான் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் பின் வளையம் உட்கார்ந்த தடத்துக்குச் சற்று வெளியே, ஊசி குத்தியது போல் பச்சைப் புள்ளிகள் ஒரு வட்டமாக. பின்னைக் கழற்றி உள் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பினால் அங்கேயும் எதிரொத்த புள்ளிகள். பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் பச்சைப் பொடி உதிர்ந்து, அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். தங்கம் மங்கவே இல்லை, தொடர்பு மட்டும் போய்விட்டது.

அதனால் தங்கம் வாங்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பித்தளை மேல் நேரடியாகத் தங்கம் பூசினால் செம்பும் துத்தநாகமும் நாளடைவில் தங்கத்தினூடே மேலே ஏறிவந்துவிடும். நடுவில் இரண்டு மைக்ரான் நிக்கல் இருந்தால் அது தடுப்புச் சுவராக நிற்கும். தங்கத்தின் அடியில் நிக்கல் இருப்பதைக் "கலப்படம்" என்று நினைத்து விலக்க வேண்டாம். இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தொடுமுனைக்குப் போடுவது கடினத் தங்கம், கொஞ்சம் கோபால்ட்டோ நிக்கலோ கலந்தது. அப்படியும் 0.1 மைக்ரான் பூச்சு அதிகம் தேய்ப்புத் தாங்காது. தினமும் கழற்றிச் சொருகும் இடத்தில் தங்கம் போய், முனையில் வெள்ளையாக நிக்கல் தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு நீங்கள் வைத்திருப்பது நிக்கல் பின்தான், விலை மட்டும் தங்கத்துடையது.

பின்னின் வெளிக்கூட்டில் இருக்கும் தங்கம் வெறும் அலங்காரம், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். ஆப்டிகல் கேபிளின் முனையில்கூடத் தங்கம் பூசி விற்கிறார்கள். அதற்குள் போவது வெளிச்சம்.

## நிக்கல்

நம் ஊரில் புழங்கும் 6.35 மில்லிமீட்டர் ஜாக்குகளில் (மைக், கிட்டார் கேபிளின் தடிமனான ஒற்றை ஊசிப் பின்) பெரும்பாலானவை நிக்கல்தான். கடினமானது, மலிவு, தேயாது, மேலே விழுந்து மிதித்தாலும் தாங்கும். அதன் குறை, மேலே படியும் ஆக்சைடு மெல்லியது என்றாலும் கெட்டியானது. அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே தொட வேண்டுமென்றால் சாக்கெட்டின் ஸ்பிரிங் நன்றாக அழுத்த வேண்டும். 6.35 ஜாக்கில் அந்த அழுத்தம் தாராளமாக உண்டு. தொளதொளவென்ற மலிவு ஆர்சிஏ சாக்கெட்டில் கிடையாது. நிக்கல் ஆர்சிஏ பின் "மட்டமான சத்தம் தருகிறது" என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு குணமும் உண்டு. ஒவ்வொரு முறை சொருகும்போதும் பின்னும் ஸ்பிரிங்கும் உரசி, ஆக்சைடு வழிக்கப்படுகிறது. தினமும் வேலை செய்யும் மைக் செட்டில் நிக்கல் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். அதே செட்டைப் புரட்டாசியில் மூட்டை கட்டி வைத்து, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்கக் குடோனில் கிடக்கவிட்டு, மார்கழியில் கோயிலுக்கு எடுத்துப் போய்ச் சொருகினால் கரகரக்காமல் என்ன செய்யும்? குடோனில் இருக்கும்போது மாதம் ஒருமுறை ஒவ்வொரு பின்னையும் நாலைந்து தடவை சொருகிச் சுழற்றி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். காசு செலவில்லை, ஆள்தான் வேண்டும். நிக்கலின் மறைமுகச் செலவு அந்த ஆள்கூலி.

ஏசி ஹாலில் நிகழ்ச்சி முடித்து இரவில் வண்டியில் ஏற்றும்போது குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். அதைத் துடைக்காமல் பெட்டிக்குள் போட்டு மூடினால் எந்த முலாமானாலும் ஆயுள் குறையும். நிக்கலாவது ஓரளவு மன்னிக்கும்.

இனி அந்த மைக் செட்காரர் கேள்விக்கு வருகிறேன். மைக் கேபிளில் வரும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் கனெக்டரின் உடம்பு நிக்கல் நிறத்தில் இருப்பதை வைத்து உள்ளேயும் நிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. நியூட்ரிக் என்ற கனெக்டர் நிறுவனத்தின் வழக்கமான எக்ஸ்எல்ஆர் கனெக்டர்களில் உடம்புதான் நிக்கல், உள்ளே இருக்கும் தொடுமுனை வெள்ளி. கறுப்பு உடம்பு வகைகள் சிலவற்றில் தொடுமுனை தங்கம். "வெள்ளிக்கு மாறலாமா" என்று கேட்பவர் ஏற்கெனவே வெள்ளியில்தான் இருக்கக்கூடும். மூடியைக் கழற்றி மூன்று ஊசிகளையும் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாக இருந்தால் அது வெள்ளி.

## வெள்ளி

வெள்ளியின் எதிரி கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சம் இருந்தாலே கறுக்கத் தொடங்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வரும் இடமெல்லாம் அந்த வாயு இருக்கிறது: உப்பனாற்றுச் சேறு, தேங்கிய சாக்கடை, வற்றிய கழிமுகம். வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்கிற வீடு என்றால் வெள்ளிப் பின்னும் அங்கே கறுக்கும்.

ஆனால் கறுப்பைப் பார்த்து உடனே பயப்பட வேண்டியதில்லை. சில்வர் சல்ஃபைடு மிருதுவானது. நிக்கல் ஆக்சைடு போலக் கெட்டியாக நிற்காது, சொருகும்போதே வழிந்துவிடும். அழுத்தம் நன்றாக இருக்கும் எக்ஸ்எல்ஆரிலும் ஸ்பீக்கர் கனெக்டரிலும் கறுத்த வெள்ளி ஒழுங்காக வேலை செய்வதைப் பார்க்கலாம். கரண்ட் அதிகம் போகும் இடத்தில் வெள்ளி நல்ல தேர்வு. அதன் எண் 0.15 என்பதால் தங்கச் சாக்கெட்டோடும் நிக்கல் சாக்கெட்டோடும் திறந்த வெளியில்கூட இடைவெளி எல்லைக்குள் நிற்கும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற உலோகம்.

பலவீனம் இரண்டு. ஆடாமல் அசையாமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஆர்சிஏ இணைப்பில், அதுவும் மில்லிவோல்ட் சிக்னலில், கறுப்பை வழிக்க யாருமில்லை. அங்கே வெள்ளி வேண்டாம். அடுத்தது துடைக்கும் பழக்கம். குத்துவிளக்கு துலக்குகிற கைப்பழக்கத்தில் விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் சில மைக்ரான் வெள்ளி ரெண்டே தேய்ப்பில் போய்விடும். அப்புறம் கேபிளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் வெள்ளியை அது கறுக்கடிக்கும்.

## ரோடியம்

அரிக்காது, கறுக்காது, தேயாது. தாளில் பார்த்தால் நம் கடற்கரைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் விலை. 2021-இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் அதன் பெயரைச் சொல்லி விற்கும் பின்களின் விலை இறங்கியதாகத் தெரியவில்லை. ஈயப்பற்றும் அதில் லேசில் ஒட்டாது. உங்கள் ஆம்ப்ளிஃபயர் சாக்கெட் நிக்கலாக இருந்தால் 0.25 இடைவெளி வேறு வருகிறது. நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

## வெள்ளீயமும் வெறும் பித்தளையும்

மலிவு டிவிடி பிளேயர், பழைய டிவி, நாமே கூட்டிச் சேர்க்கும் கிட் போர்டு ஆகியவற்றின் ஆர்சிஏ சாக்கெட்டுகளில் வெள்ளீயம் பூசியிருப்பதைப் பார்க்கலாம், மங்கிய சாம்பல் நிறம். பேஸ் அதிர்வில் நுணுக்கமாக ஆடிக்கொண்டே இருந்தால் அது பொடிந்து ஆக்சைடாகிக் குவியும். எதிரே தங்கம் இருந்தால் அந்தப் பொடி தங்கத்தின் மேல் அப்பிக்கொள்ளும். புதிதாக வாங்குவதற்கு வெள்ளீயம் வேண்டாம்.

பித்தளையும் வெறும் செம்பும் ஸ்பீக்கர் பக்கம் மட்டும் பேச வேண்டியவை. செம்பு வயரை முறுக்கி நேரடியாக டெர்மினலில் திருகுவது மோசமில்லை. ஆனால் கரையோரத்தில் அந்த முறுக்கு ஒரு வருடத்தில் கறுத்துப் பச்சையாகிவிடும். வருடம் ஒருமுறை நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவித் திருகினால் போதும். இதைச் செய்யச் சோம்பல் இல்லாதவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

## எதை வாங்கினாலும் பின்னால் வரும் செலவு

ஈயம் வைக்கும்போது பேஸ்ட்டை அள்ளி வைத்துவிட்டு அப்படியே மூடுகிறவர்கள் அதிகம். அமிலப் பேஸ்ட்டின் மிச்சம் ஈரக் காற்றில் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே இருக்கும் தங்கம் ஒன்றும் செய்ய முடியாது. ரோசின் என்ற மரப்பிசின் உள்ள ஈயக் கம்பியே பயன்படுத்துங்கள், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

சுத்தம் செய்ய எல்லோரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். எண்ணெய்ப் பசைக்கு நல்லது. ஆனால் உப்பு சுத்த ஆல்கஹாலில் கரையவே கரையாது. கடல் சாரல் பட்ட பின்னை, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, பிறகு ஆல்கஹால் போட்டுக் காயவிட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் கலந்தே இருப்பதால் இந்த வேலைக்கு அதுவே தேவலை. கருவியின் மின்சாரத்தை எடுத்துவிட்டுத்தான் இதெல்லாம். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது ஊசிப்போய்ச் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகும்.

## யாருக்கு எது

புதுச்சேரிக் கரையோர ஒயிட் டவுனிலோ தேவனாம்பட்டினத்திலோ வீடு, ஆம்ப்ளிஃபயர் சாக்கெட் தங்கம், சொருகினால் கழற்ற மாட்டீர்கள் என்றால் தடிமனான தங்கம். மைக்ரான் கணக்கைச் சொல்லும் கடையில் வாங்குங்கள். விவரச் சீட்டில் மைக்ரோ அங்குலத்தில் இருக்கும், 30 என்றால் 0.76 மைக்ரான். கணக்குச் சொல்ல முடியாத தங்கத்தைவிட நல்ல நிக்கல் மேல். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

மைக் செட் தொழிலுக்கு ஜாக் எல்லாம் நிக்கல், எக்ஸ்எல்ஆரில் வெள்ளித் தொடுமுனை. வீராம்பட்டினம் ஆடித் தேருக்கு மணலில் கேபிள் இழுக்கிறவருக்குத் தங்கம் வீண். மணல் துகளோடு சொருகினால் எந்தத் தங்கமும் நிற்காது. ஆனால் கல்யாண மண்டபத்திலோ தேவாலயத்திலோ சுவர்ப் பெட்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் மைக் இணைப்பு என்றால் தங்கத் தொடுமுனை எக்ஸ்எல்ஆருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். பெட்டி, கேபிள் இரண்டு பக்கமும் தங்கமாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கருக்கு வெள்ளி அல்லது நிக்கல் பனானா பின் (ஸ்பீக்கர் வயர் நுனியில் மாட்டி டெர்மினலுக்குள் சொருகுவது). டெர்மினல் தங்கமாக இருந்தால் வெள்ளி, நிக்கலாகவோ பித்தளையாகவோ இருந்தால் நிக்கல். பண்ருட்டி, விருத்தாசலம் மாதிரி உள்ளே தள்ளி இருப்பவர்கள் இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ளவே தேவையில்லை, நல்ல ஸ்பிரிங் உள்ள நிக்கல் போதும்.

கடைசியாக, பழைய ஆம்ப்ளிஃபயர், சாம்பல் நிற வெள்ளீயச் சாக்கெட், எந்தக் கேபிள் போட்டாலும் உம்ம்ம் என்கிறது என்பவர்களுக்கு. கேபிள் தேடுவதை நிறுத்துங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி சாக்கெட்டுகளை நிக்கலுக்கோ தடிமனான தங்கத்துக்கோ மாற்றச் சொல்லுங்கள். சாக்கெட்டின் உள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அதற்கு ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலிதான் ஆகும். அதுவரைக்கும் இருக்கிற நிக்கல் பின்னை வாரம் ஒருமுறை சுழற்றிவிட்டு ஓட்டுங்கள்.